கீபோர்டைக் கழற்றிப் பாருங்கள், தரம் தெரியும்!

கடையில் கீபோர்டு வாங்கும்போது நாம் பார்ப்பது விலையும் கலர் லைட்டும்தான். அது எத்தனை வருஷம் உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிற சமாச்சாரங்கள் மூடிக்கு உள்ளே இருக்கின்றன. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற நம் வல்லம் வட்டாரத்தில், மல்லாட்டை உடைக்கிற காலத்துத் தூசி ஒன்றே போதும், மட்டமான கீபோர்டை முடக்க. கிழக்கே மரக்காணம் பக்கம் போனால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஒரு திருப்புளியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் எது உழைக்கும், எது உழைக்காது என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

1. முதன்முதலாகத் திறப்பவர்கள் வேலை செய்கிற கீபோர்டில் கை வைக்க வேண்டாம். பரணில் கிடக்கிற செத்த கீபோர்டை எடுங்கள். வீட்டில் இல்லையென்றால் பழைய சாமான் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். உடைந்தாலும் நஷ்டமில்லை.

2. யூஎஸ்பி வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். வட்டமான ஊதா நிற முனை உள்ள பழைய கீபோர்டு என்றால் கம்ப்யூட்டரையே நிறுத்திவிட்டுப் பிடுங்குங்கள். அந்த வகை ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. வயர்லெஸ் என்றால் பேட்டரியை எடுத்துவிடுங்கள். அடுத்து, மேலிருந்து செல்போனில் ஒரு போட்டோ. பட்டன்களைத் திரும்ப மாட்டும்போது ஸ்குரோல் லாக் எங்கே இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் வராது.

3. தேவையான சாமான்கள்: சிறிய ஸ்டார் திருப்புளி, காலாவதியான ஏடிஎம் கார்டு, பழைய பெயின்ட் பிரஷ், காது குடையும் பட்ஸ், மொபைல் சர்வீஸ் கடைகளில் விற்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஸ்குரூ போட்டு வைக்க ஒரு கிண்ணம். மூடியை நெம்பக் கத்தி வேண்டாம். ஏடிஎம் கார்டு பிளாஸ்டிக்கையும் கிழிக்காது, விரலையும் கிழிக்காது.

4. வாங்குவதற்கு முன் கடையிலேயே, திறக்காமல் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. கீபோர்டின் இரு முனைகளையும் பிடித்து ஈரத் துணி பிழிவதுபோல லேசாக முறுக்குங்கள். கிறீச் என்று சத்தம் வந்தால் மேல் மூடியும் கீழ் மூடியும் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது பிளாஸ்டிக் மெலிசு. அடுத்து, மேஜை மேல் வைத்து நடுவில் அழுத்துங்கள், தொய்கிறதா என்று தெரியும். வயர் உடம்புக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் கழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அறுகிற இடம் அதுதான். பின்பக்கக் கால்களை விரித்துவிட்டு கீபோர்டை முன்னே தள்ளிப் பாருங்கள், மட்டமான கால் மடங்கிவிடும்.

கனமாக இருந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மைதான். உள்ளே எதையும் தாங்காமல், கனம் காட்டுவதற்காக மட்டும் ஒரு இரும்புத் துண்டைச் செருகி விற்கிற மலிவு கீபோர்டுகளும் உண்டு. திறந்தால்தான் குட்டு வெளிப்படும்.

5. கையோடு ஒரு ஸ்கேல் கொண்டு போங்கள். முழு அளவுக் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துப் பட்டன்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 19.05 மில்லிமீட்டர் இருப்பதுதான் நெடுங்கால வழக்கம். ‘ஏ’ பட்டனின் நடுவிலிருந்து ‘எல்’ பட்டனின் நடு வரை அளந்தால் சுமார் 15.2 செ.மீ. வர வேண்டும். கணிசமாகக் குறைந்தால் பட்டன்களை நெருக்கி வைத்திருக்கிறார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகிய கைக்கு அது ஒத்துவராது.

6. நோட்பேடைத் திறந்து, இரண்டு ஷிஃப்ட் பட்டன்களையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். மலிவான கீபோர்டுகளில் சில எழுத்துகள் விழவே விழாது. அது ரிப்பேர் அல்ல, கட்டமைப்பு. நூற்றுச் சொச்சம் பட்டன்களுக்கும் தனித்தனி வயர் இழுக்க முடியாது என்பதால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டு, எந்தக் கோடும் எந்தக் கோடும் சந்தித்தன என்று பார்த்துத்தான் உள்ளே இருக்கும் சிப் எழுத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று நான்கு பட்டன்கள் அழுந்தினால் அதற்குக் குழப்பம், சிலவற்றை விட்டுவிடும். நல்ல மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு டையோடு வைத்திருப்பதால் இந்தக் குழப்பம் வராது. கடிதம் அடிப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. கேம் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அவசியம் பாருங்கள்.

7. வயர்லெஸ் கீபோர்டுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். அடியில் உள்ள லேபிளில் ‘ஆர்’ என்று தொடங்கி எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும். அது இல்லாததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

8. இனி திறப்போம். அடிப்பக்கம் தெரிகிற ஸ்குரூக்களை எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். ஒரு ஸ்குரூ லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், இன்னொன்று ரப்பர் பாதத்துக்கு அடியில். லேபிளின் மேல் விரலை அழுத்தித் தடவினால் குழி விழுகிற இடம் தெரிந்துவிடும். (புதிய கீபோர்டில் லேபிளைக் கிழித்தால் வாரன்டி போகலாம்.) ஸ்குரூ எல்லாம் வந்த பிறகும் ஓரம் முழுக்கப் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்துக்கொண்டிருக்கும். ஏடிஎம் கார்டை ஒரு மூலையில் செருகி மெதுவாக ஓட்டிக்கொண்டே போங்கள்.

ஸ்குரூவே இல்லாமல் கொக்கியையும் பசையையும் மட்டும் நம்பிச் செய்த கீபோர்டுகள் இப்போது நிறைய வருகின்றன. திரும்பத் திறக்கக் கூடாது என்றே செய்தவை அவை. ஒரு பொருளைச் செய்தவரே அதைப் பழுதுபார்க்க விரும்பவில்லை என்றால் அதற்கு நாம் ஏன் கூடுதல் காசு கொடுக்க வேண்டும்?

9. நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான கீபோர்டுகள் ரப்பர் வகை. மூடியைத் தூக்கியதும் சிறுசிறு கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்ததுபோல ரப்பர் விரிப்பு ஒன்று இருக்கும். அதற்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சடித்திருக்கும். நடுத்தாளில் பட்டனுக்கு ஒரு ஓட்டை. பட்டனை அழுத்தினால் ரப்பர் அமுங்கி, மேல் தாளை ஓட்டை வழியே கீழ்த் தாளில் தொட வைக்கும். அவ்வளவுதான் மொத்த வித்தையும்.

இங்கே தரம் பார்க்க மூன்று இடங்கள். ஒன்று, ரப்பர். ஒரே விரிப்பாக, எல்லாக் கிண்ணமும் ஒரே தடிப்பாக இருந்தால் நல்லது. விரலால் அமுக்கிவிட்டு எடுத்ததும் உடனே துள்ளி எழ வேண்டும், சோம்பி எழுவது கிழடு தட்டியது. இரண்டு, தாள்களில் உள்ள கோடு. தண்ணீரோ டீயோ போன இடத்தில் கறுத்தோ திட்டுத் திட்டாக உரிந்தோ இருக்கும், அந்தக் கோட்டில் உள்ள பட்டன்கள் வேலை செய்யாது. மூன்றாவது, சிப் இருக்கும் சின்ன போர்டு. கறுப்புச் சொட்டு ஒன்று காய்ந்ததுபோல இருப்பதுதான் சிப். அந்த போர்டும் தாளும் சேருமிடத்தில் ஈயப்பற்று எதுவும் கிடையாது, ஒரு பட்டையை வைத்து ஸ்குரூவால் அழுத்தியிருப்பார்கள். முழுக் கீபோர்டின் உயிரும் அந்த அழுத்தத்தில் இருக்கிறது.

10. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பல பட்டன்கள் ஒரே சமயத்தில் செத்துப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பட்டையைத்தான். ஸ்குரூவைக் கழற்றி, போர்டில் உள்ள கறுப்புப் பற்களையும் தாளின் நுனியையும் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் லேசாகத் துடைத்து, திரும்ப இறுக்குங்கள். செத்தது என்று தூக்கிப் போட்ட கீபோர்டுகளில் கணிசமானவை இதிலேயே பிழைத்துவிடும். தாளில் அறுந்த கோட்டை மட்டும் சால்டரிங் அயர்ன் வைத்து ஒட்ட முயலாதீர்கள், தாள் உருகிவிடும். அதற்கென்று வெள்ளி கலந்த கடத்தும் மை தனியாக உண்டு.

11. மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவு வருவது டிவிஎஸ் கோல்ட். சென்னை நிறுவனமான டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் தயாரிப்பு. டிடிபி சென்டர், ஜெராக்ஸ் கடை, பில் போடும் கவுன்டர் என்று நீங்கள் டக் டக் சத்தத்தை எங்கே கேட்டிருந்தாலும் அநேகமாக அது இதுவாகத்தான் இருந்திருக்கும். டைப்ரைட்டிங் மிஷினில் ஓங்கி அடித்துப் பழகியவர்களுக்கு ரப்பர் கீபோர்டு சில மாதம்கூடத் தாங்காது, இது தாங்கும்.

காரணம் உள்ளே இருக்கிறது. இதில் தாள், ரப்பர் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே ஸ்பிரிங்கும் உலோகத் தொடுமுனையும் கொண்ட தனி சுவிட்ச். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சுதான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. பட்டன் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் ‘டக்’ என்று எழுத்து விழுந்துவிடும். அடி வரை அழுத்த வேண்டியதில்லை, விரல் நோகாது. ரப்பர் கீபோர்டின் ஆயுளை ஒரு பட்டனுக்கு 50 லட்சத்திலிருந்து ஒரு கோடி அழுத்தம் என்று பொதுவாகச் சொல்வார்கள். செர்ரி தன் சுவிட்சுக்குச் சொல்கிற கணக்கு 5 கோடியும் அதற்கு மேலும்.

காப்புரிமை காலாவதியானபின் கேட்டரான், கைல், அவுடெமு என்று சீனாவிலிருந்து அதே அமைப்பில் பல சுவிட்சுகள் வந்துவிட்டன. எல்லாம் மட்டம் என்று ஒதுக்க முடியாது, நல்லவையும் இருக்கின்றன. ஆனால் பெட்டியில் ஒரு பெயர், உள்ளே வேறு பெயர் என்றால் யோசிக்க வேண்டும். ஒரு பட்டன் முகத்தை நேராக மேல்நோக்கிப் பிடுங்குங்கள். சுவிட்ச் தலையிலேயே பெயர் அச்சிட்டிருக்கும். நடுவில் கூட்டல் குறிபோல நிற்கும் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ரொம்ப ஆடினால் எழுத்தும் ஆடும், சத்தமும் கூடும். கீழே உள்ள போர்டு தெரியும் அளவுக்குத் திறக்க முடிந்தால் ஈயப்பற்றைப் பாருங்கள். காலைச் சுற்றி முழு வட்டமாக ஏறியிருக்க வேண்டும். பாதி வட்டமாக இருந்தால் ஆறு மாதத்தில் அந்த எழுத்து விட்டு விட்டு விழும்.

சுவிட்சை ஈயம் இல்லாமல் பிடுங்கி மாட்டுகிற வகையும் இப்போது வருகிறது. ஒரு சுவிட்ச் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் சால்டரிங் தெரிந்தவர் இல்லையென்றால் அந்த வகையே மேல்.

12. கட்டுமானத்துக்கு உலகம் முழுக்க உதாரணம் காட்டுவது ஐபிஎம்மின் மாடல் எம். 1980-களின் நடுவில் வந்தது, இரண்டு கிலோவுக்கு மேல் கனம், உள்ளே வளைந்த இரும்புத் தகடு, பட்டனுக்கு ஒரு சுருள் ஸ்பிரிங். அன்று செய்தவை இன்றும் ஓடுகின்றன. அதைத் திறந்து பார்த்தவர்கள் சொல்கிற ஒரே குறை, தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குமிழ்கள் வருஷக் கணக்கில் ஒவ்வொன்றாக உடைந்து விழுகின்றன என்பது. அவற்றை எடுத்துவிட்டுக் குட்டி போல்ட் போட்டு முறுக்குகிறார்கள். எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் காசு மிச்சம் பிடிக்க ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும். கீபோர்டைத் திறந்ததும் நாம் தேட வேண்டியது அந்த இடத்தைத்தான்.

13. பட்டன் என்ன பிளாஸ்டிக் என்று உப்புத் தண்ணீர் சொல்லிவிடும். ஒரு டம்ளரில் 100 மில்லி தண்ணீர், அதில் 30 கிராம் உப்பு. மரக்காணம் கல்லுப்பே போதும், முழுக்கக் கரைய வேண்டும். ஒரு பட்டன் முகத்தைக் கழற்றிப் போட்டு, தண்ணீருக்குள்ளேயே கவிழ்த்து நிமிர்த்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். மிதந்தால் ஏபிஎஸ், மூழ்கினால் பெரும்பாலும் பிபிடி. ஏபிஎஸ்ஸின் அடர்த்தி சுமார் 1.05, பிபிடியினுடையது சுமார் 1.3, உப்புத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் இப்படி. பிபிடி விலை கூட, பல வருஷம் தட்டினாலும் சொரசொரப்பு போகாது. ஏபிஎஸ் சீக்கிரமே எண்ணெய் தேய்த்தாற்போல் பளபளக்கும். சோதித்த பட்டனை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும்.

14. எழுத்து அச்சடித்த விதத்தைப் பட்டனைக் கவிழ்த்துப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். உள்பக்கம் இரண்டு நிறப் பிளாஸ்டிக் தெரிந்தால் எழுத்தே தனிப் பிளாஸ்டிக், தேயவே தேயாது. மேலே விரலால் தடவும்போது ஸ்டிக்கர்போலத் தட்டுப்பட்டால் அது வெறும் மை, ஒரு வருஷம்கூட நிற்காது.

தமிழில் நிறைய அடிப்பவர்கள் ‘எஃப்’ பட்டனைக் கவனியுங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ் 99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கை, மெய்கள் வலக்கை, புள்ளி ‘எஃப்’பில். புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியாது என்பதால் அந்தப் பட்டன்தான் அதிகம் தேயும். விரல் இடம் கண்டுபிடிக்க அதன்மேல் உள்ள மேடும் மழுங்கிவிடும். பழைய கீபோர்டு வாங்கும்போது இந்த மேட்டைத் தடவிப் பார்த்தால் முந்தைய சொந்தக்காரர் எவ்வளவு உழைப்பு வாங்கினார் என்று தெரியும்.

15. நான்காம் எண் பட்டனில் ரூபாய்க் குறி இருந்தால் அது 2010-க்குப் பிறகு செய்த கீபோர்டு. அந்த ஆண்டு ஜூலை 15-ல்தான் மத்திய அமைச்சரவை குறிக்கு ஒப்புதல் தந்தது. வரைந்த உதயகுமார் கள்ளக்குறிச்சிக்காரர். கள்ளக்குறிச்சி அப்போது நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது, தனி மாவட்டம் ஆனது 2019-ல். கம்ப்யூட்டரில் இந்திய ஆங்கில அமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால், வலப்பக்க ஆல்ட் பட்டனோடு 4-ஐ அழுத்தினால் குறி விழும்.

16. ஸ்பேஸ் பாரைக் கழற்றும்போது அவசரம் கூடாது. அதன் அடியில் நீளமாக ஒரு கம்பி இருக்கும். இரு முனையும் சமமாக இறங்குவதற்கு அதுதான் காரணம். அது இல்லாத அல்லது தளர்ந்த கீபோர்டில் ஓரத்தில் தட்டினால் ஸ்பேஸ் விழாது. கம்பி கடகடவென்று ஆடினால் துளி சிலிக்கான் கிரீஸ் வையுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம். தூசியை இழுக்கும், மார்கழியில் உறைந்தும்போகும்.

17. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவச லேப்டாப் தருவது 2011-ல் தொடங்கியது. அந்த லேப்டாப்புகள் இன்னும் பல வீடுகளில் உண்டு. லேப்டாப் கீபோர்டில் பட்டனுக்குக் கீழே கத்தரிக்கோல் மாதிரி மடங்கும் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். ஒன்று உடைந்தாலும் பட்டன் நிற்காது. ஆகவே சும்மா பிடுங்கிப் பார்க்க வேண்டாம். பழைய தடித்த மாடல்களில் கீபோர்டு மட்டும் தனியாக மேலே எழும்பி வரும், மாற்றுவது சுலபம். எழும்பியதும் இழுக்காதீர்கள். அடியில் தாள்போல ஒரு ரிப்பன் வயர் இருக்கும். அதன் முனையில் உள்ள சின்னப் பூட்டை நகத்தால் திறந்துவிட்டுத்தான் உருவ வேண்டும். இப்போதைய மெல்லிய மாடல்களில் கீபோர்டை மேல் மூடியோடு சேர்த்து உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். அவற்றை வீட்டில் தொட வேண்டாம்.

18. கீபோர்டு பக்கத்தில் பிஸ்கட் சாப்பிட்டால் பிள்ளையார் எறும்பு குடிவந்துவிடும். எறும்புப் பொடி தூவாதீர்கள். வெளியே எடுத்துக் கவிழ்த்துத் தட்டி, பிரஷ் போட்டால் போதும்.

19. பட்டன் முகங்களை மட்டும் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாம். முறத்தில் பரப்பி நிழலில் ஒரு ராத்திரி காயட்டும். அக்னி நட்சத்திர வெயிலில் வைத்தால் மஞ்சள் பூக்கும், கொதிநீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும். நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் ஏபிஎஸ்ஸைக் கரைத்தே விடும்.

20. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. அப்படி வெள்ளம் புகுந்த வீட்டில் நனைந்த கீபோர்டை ‘வேலை செய்கிறதா’ என்று உடனே செருகிப் பார்ப்பதுதான் பெரிய கெடுதல். தண்ணீரைவிட, தண்ணீரோடு மின்சாரம் சேரும்போதுதான் கோடுகள் அரிக்கும். முதலில் திறந்து, சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, ஆல்கஹாலால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் மாவுத் தூசிதான் மிச்சம். ஹேர் டிரையர் சூட்டில் தாள் சுருங்கும். நல்ல கீபோர்டுகளில் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை வைத்திருப்பார்கள். வாங்கும்போதே கவிழ்த்துப் பாருங்கள்.

21. வயர்லெஸ் கீபோர்டை மாதக் கணக்கில் தொடப் போவதில்லை என்றால் பேட்டரியை எடுத்து வையுங்கள். கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஈரம் போகத் துடையுங்கள்.

22. திரும்ப மூடும்போது ஸ்குரூவை எடுத்ததும் இறுக்காதீர்கள். முதலில் இடப்பக்கமாக ஒரு சுற்று திருப்புங்கள். ‘டுக்’ என்று பழைய மரையில் விழும், பிறகு வலப்பக்கம் முறுக்குங்கள். பிளாஸ்டிக்கில் புது மரை போட்டால் இரண்டாம் தடவைக்குப் பிடிப்பு இருக்காது.

23. இனி வாங்குவதானால் என் யோசனை இது. பிள்ளைகள் பாடத்துக்கு எப்போதாவது தட்டுகிற வீட்டுக்கு, ஸ்குரூ போட்டு மூடிய சாதாரண ரப்பர் கீபோர்டு போதும். இ-சேவை மையம், டிடிபி என்று நாள் முழுக்க அடிப்பவர்கள் மெக்கானிக்கலுக்கே செலவழியுங்கள். பல வண்ண லைட் எரியும் நடுத்தர விலைக் கீபோர்டு இரண்டுக்குமே உதவாது.

24. கடைசியாகச் செத்துப்போன கீபோர்டின் ஸ்பிரிங், ஸ்குரூ, நல்ல பட்டன்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செம்புக்காக வயரைக் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை நம் பிள்ளைகள் மூச்சில்தான் ஏறும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். கம்ப்யூட்டர் கடையில் பழையதை எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டுக் கொடுங்கள்.